ஆடாத ஸ்டாண்டு

எங்கள் உப்பள முதலாளி ரைஃபிள் வாங்கிய வாரத்தில் அதைக் கண்டு கொஞ்சமும் பயப்படாதவை இரண்டு. ஒன்று, அவருடைய மல்லாட்டைக் கொல்லையைக் கிண்டி வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த காட்டுப்பன்றி. இன்னொன்று, அவர் குறிவைத்துச் சுட்ட மண்ணெண்ணெய் டின் மூடி. மூடியின் நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தவன் நான். காலையிலிருந்து சுட்டும் அந்தப் பொட்டு கலையவில்லை. கல்யாணப் பெண் மாதிரி நெற்றி நிறைய நின்றது.

எழுபதுகளின் நடுப்பகுதி. வேட்டைக்குத் தடை வந்த புதிது. கழுவெளி ஏரிப் பக்கம் கொக்கைச் சுட்டாலும் கேஸ் என்று பேசிக்கொண்டார்கள். பயிரைத் தின்கிற பன்றியைச் சுடலாம் என்று முதலாளி தாமே ஒரு தீர்ப்பு எழுதி, தாமே அதைப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். மூடியை உப்பு அம்பாரத்தின் மேல் சாத்தி வைத்ததும் அவர் யோசனைதான். தவறிய குண்டெல்லாம் உப்புக்குள் புதைந்துவிடும், ஆள்மேல் படாது. ஆனால் உப்பை விற்காமலா இருப்பார்? அந்த வருஷம் எந்த ஊரிலோ எவனோ ரசம் சாப்பிடும்போது பல் உடைந்து, அரிசியில் கல் பொறுக்கவில்லை என்று பெண்டாட்டியை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பான்.

நான் அங்கே மேஸ்திரி. பாத்தி மிதிக்கிறவர்கள், உப்பு வாருகிறவர்கள், கூடை சுமக்கிறவர்கள் எல்லாரையும் வேலை வாங்கவேண்டும். வேலை வாங்குவது என்றால் வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு கிண்டல் செய்வது. "மெதுவா வா தாயி, உப்புக்குக் கால் வலிக்கப்போவுது" என்றால் கூடை வேகமாக வரும். கை நீட்டி யாரையும் அடித்ததில்லை. வாய் இருக்கும்போது கை எதற்கு? கையைப் பயன்படுத்துகிற உரிமை முதலாளிக்கு மட்டும்தான் இருந்தது. அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

முதலாளியின் மச்சான் ஒருவர் பட்டாளத்திலிருந்து ரிட்டையர் ஆகி வந்திருந்தார். ஊரில் எல்லாரும் அவரை மிலிட்டரி என்றுதான் சொல்வோம். எரிகிற வெயிலிலும் பூட்ஸ் கழற்றாத ஆள். அவர்தான் முதலாளி தவறவிட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் வாயைத் திறந்தார்.

"துப்பாக்கி மேல தப்பு இல்ல மச்சான். உன் கை ஆடுது. ஆடாத எதுனா ஒண்ணு மேல வெச்சு சுட்டாதான் இது எங்க அடிக்குதுன்னு தெரியும். தெரிஞ்சப்புறம் முனையில இருக்கற குறிமுள்ளை அதுக்கேத்தாப்புல தள்ளணும்."

"எது மேல வெக்கறது? இங்க எல்லாம் சேறு."

"பட்டாளத்துல ஒண்ணும் கெடைக்கலைன்னா ஒருத்தனை நிக்கவெச்சு தோள் மேல வெப்போம்."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். வரப்பில் அத்தனை பேர் நின்றார்கள். கையில் குடை வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் முதலில் கண்ணில் பட்டேன். நிழலில் நிற்பதற்கு இப்படி ஒரு வரி உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"டேய் மேஸ்திரி, குடையை மடக்கு. இங்க வந்து நில்லு."

நின்றேன். எனக்கு முன்னால் அம்பாரம், பின்னால் முதலாளி, வலது தோளின்மேல் ரைஃபிள். குழாய் என் காதைத் தாண்டி ஒரு முழம் நீண்டிருந்தது. நடுங்கிவிடலாம் என்றுதான் திட்டம் போட்டேன். நன்றாக நடுங்கினால் குறி தப்பும், இவன் லாயக்கில்லை என்று விரட்டிவிடுவார்கள். நடுங்குவதில் எனக்கு அனுபவம் உண்டு. எங்கள் வீட்டுக் கதவைப் பூனை தட்டினாலே நடுங்குவேன். ஆனால் அன்று, எப்போதும் கூப்பிடாமலே வருகிற அந்த நடுக்கம், கூப்பிட்டபோது வரவில்லை. உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை விறைத்துவிட்டேன். மூச்சு உள்ளே போனது, திரும்பி வர வழி தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

வெடித்தது. மூடி பறந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து காட்டினார்கள். சுண்ணாம்புப் பொட்டு இருந்த இடத்தில் ஓட்டை.

மிலிட்டரி என்னிடம் வந்து என் முழங்காலின் பின்பக்கம் பூட்ஸால் ஓர் உதை விட்டார். நான் மடங்கவில்லை. மடங்குவதற்கு அப்போது உடம்பு என் வசம் இல்லை.

"பாத்தியா மச்சான், நடுகல்லு மாதிரி நிக்கிறான். தைரியசாலி எவனும் இப்படி நிக்கமாட்டான். நல்லா பயந்தவன்தான் ஆடமாட்டான்."

அவர் இப்படிச் சொன்னதாகப் பிறகு சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. காதில் ஒரு வண்டு புகுந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது, வேறெதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் கேட்க ஆரம்பித்தபோது முதலில் கேட்டது, கூடை சுமக்கிற ஓர் அக்காவின் குரல். வழியிலிருந்த சுமைதாங்கிக் கல்லின்மேல் கூடையை இறக்கிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள். என் கிண்டலை அதிகம் வாங்கியவள் அவள்தான்.

"இன்னா மேஸ்திரி, குடை புடிக்கட்டுமா, பாடை கட்டட்டுமா?"

நான் முதலாளியின் காலில் விழாத குறை. "மொதலாளி, வேற ஸ்டாண்டு நான் கொண்டாறேன்."

"கொண்டா. ஆனா உன்னைவிட ஆடாம நிக்கணும். வெயில்ல வெடிக்கக்கூடாது, பனியில ஊறக்கூடாது, வருஷக்கணக்குல வரணும். ஞாயித்துக்கிழமை பன்னிக்குப் போறோம். அதுக்குள்ள வரலைன்னா நீதான் ஸ்டாண்டு. போ."

ஆக, என் வலது காதைக் காப்பாற்ற, என்னைவிட உயிரற்ற ஒரு பொருளை நான் தேடியாக வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது.

வீட்டில் என் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் என்னமோ கேட்டிருக்கிறாள், நான் திரும்பவில்லை.

"யோவ், உன்னைத்தான். கூப்பிடக் கூப்பிட செவுடன் மாதிரி உக்காந்திருக்க?"

நடந்ததைச் சொன்னேன். செதில் ஒட்டிய கையோடு என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தக் காது?"

"வலது."

"எடது பக்கமும் வெச்சு சுடச்சொல்லு. எப்பவும் நான் சொல்றது அதுல ஏறப்போறதில்ல." சொல்லிவிட்டு, எண்ணெயில் நனைத்த பஞ்சை விரலால் குத்திக் குத்தி உள்ளே திணித்தாள். வெடியே தேவலாம் என்று இருந்தது.

மறுநாள் ஆபீஸ் மேஜையைத் தூக்கிவரச் செய்தேன். பாத்தி ஓரத்துச் சேற்றில் நான்கு கால்களும் ஆளுக்கொரு ஆழத்துக்கு இறங்கின. சரிந்த மேஜையைப் பார்த்து மிலிட்டரி உதைக்கக்கூட இல்லை. "இது உக்காந்து அழறதுக்குத்தான் ஆவும்" என்றார். பனந்துண்டம் ஒன்றை நட்டேன். நட்ட இடத்தில் ஈரம், ஒரே உதையில் கிழவி பல் மாதிரி ஆடியது. இரும்பில் செய்யச் சொல்லலாம் என்றால், இந்தக் கரையில் இரும்பு நிலைத்த கதை உண்டா? எங்கள் எஞ்சின் கொட்டகைக் கதவின் கீல், கையில் தொட்டால் முறுக்கு மாதிரி நொறுங்கும். ஒவ்வொன்றும் தோற்கும்போது மிலிட்டரி என் தோளைத் தட்டிக்கொடுப்பார். குதிரையைத் தட்டிக்கொடுப்பது போல, பிரியமாக.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. சாக்கு மூட்டை! அதில் துப்பாக்கி மெத்தென்று பதியும், அசையாது. மணலை நிரப்பித் தைப்பதுதான் முறை என்று மிலிட்டரியே சொன்னார். மணலுக்குக் கடற்கரை வரை நடக்கவேண்டும். சுற்றிலும் மலை மலையாக உப்பு கிடக்கும்போது எவன் மணலுக்கு நடப்பான்? உப்பளத்தான் எவனும் நடக்கமாட்டான். இரண்டு சாக்கில் உப்பை இறுக்கித் தைத்து, எஞ்சின் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தேங்காய்க் கயிற்றால் கட்டினேன்.

உச்சி வெயிலில் மிலிட்டரி உதைத்தார். மூட்டை அசையவில்லை. மறுபடி உதைத்தார். அசையவில்லை. முதலாளி சுட்டார். மூடியில் ஓட்டை. இன்னொன்று சுட்டார். முதல் ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை.

"டேய் மேஸ்திரி, உனக்கு மூளை இருக்குதுடா" என்றார் முதலாளி.

அந்தப் பாராட்டு தலைக்கு ஏறிவிட்டது. "மொதலாளி, துப்பாக்கியை எடுக்காதீங்க. இப்படியே கட்டிவெச்சுட்டா நாளைக்குக் காலையில இதே எடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றேன். காவலுக்கு நானே படுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். காது பிழைத்த சந்தோஷத்தில் நன்றாகத் தூங்கினேன்.

பனிக்காலத்து உப்பு என்ன செய்யும் என்று எங்கள் மரக்காணத்தில் கைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பயந்தவனுக்கு மூளை ஒரு சமயத்தில் ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொள்ளும், என் மூளை காதைப் பிடித்துக்கொண்டிருந்தது. விடிந்து பார்த்தால் மூட்டை அழுதிருக்கிறது. தரையெல்லாம் ஈரம். சாக்கு உப்பை விட்டுத் தளர்ந்து, பிள்ளை பெற்ற வயிறு மாதிரி தொங்கியது. ரைஃபிள் அதில் பாதி அமுங்கிக் கிடந்தது. தூக்கித் துடைத்தேன். உப்பில் பட்ட இடமெல்லாம் செக்கச்செவேல் என்று துரு. வேட்டியால் தேய்த்தேன். வேட்டி சிவந்தது, துரு போகவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். துருவை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"உப்பு விக்கறவன் துப்பாக்கியை உப்புல ஊறப்போட்டிருக்கான்டா. இன்னாடா, கருவாடு போடறியா?"

அறைந்தார். இடது கன்னத்தில்தான் அறைந்தார். வலது பக்கம் வேலைக்கு வேண்டும் என்று அந்தக் கோபத்திலும் நினைவு வைத்திருந்தார். அதனால்தான் அவர் முதலாளி.

மிலிட்டரி எண்ணெயும் துணியும் வைத்துக்கொண்டு நாளெல்லாம் தேய்த்து ரைஃபிளை மீட்டார். சனிக்கிழமை வந்துவிட்டது. பாத்தியிலிருந்து அம்பாரத்துக்குப் போகும் வழியில் நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். முதலாளி கையை வீசிக்கொண்டு, மிலிட்டரி ரைஃபிளோடு, நான் என் காதோடு. கடைசியாக ஒரு தடவை அதைக் காற்றாட அழைத்துப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி சட்டென்று நின்றார்.

"மச்சான், இதை உதை."

சுமைதாங்கிக் கல். நட்டுவைத்த இரண்டு கருங்கல், குறுக்கே ஒரு பலகைக்கல், ஆள் நெஞ்சு உயரம். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன பெண், இறக்கிவைக்காத சுமையோடு போய்விட்டாள் என்று, அவள் பேரில் இப்படி ஒரு கல் நடுவார்கள். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கிவைத்து இளைப்பாறினால் அவளுக்கும் இறங்கும் என்பது நம்பிக்கை. இந்தக் கல்லுக்குரியவள் எங்கள் அளத்திலேயே கூடை சுமந்தவள். நிறைமாதம். இதே வழியில், தலையில் கூடையோடு விழுந்தாள். அன்று முதலாளி ஓடிவந்து சொன்ன முதல் வார்த்தை, "உப்பை அள்ளுங்கடா, மண்ணாவுது." கல்லைப் பெண்களே சேர்ந்து நட்டார்கள். பாடை கட்டட்டுமா என்று என்னைக் கேட்டாளே, அந்த அக்காதான் செத்தவளின் தாய்.

மிலிட்டரி உதைத்தார். கல் நின்றது. அவர் நொண்டினார்.

"இதான் மச்சான்! வெயிலு, பனி, உப்பு எதுவும் இதை அசைக்காது. நம்ம பேரப்பிள்ளைங்க வரைக்கும் நிக்கும்." ரைஃபிளை அதன்மேல் வைத்துக் கண்ணை இடுக்கினார். "நேரா கல்லு மேல வெச்சா எகிறும். அடியில மெத்துன்னு எதுனா வேணும்."

எனக்குள் மேளதாளம் கொட்டியது. காது பிழைத்தது! கல்லை யார் நட்டது, யாருக்காக நட்டது என்பதெல்லாம் அந்த மேளச் சத்தத்தில் கேட்கவே இல்லை.

அக்கா கூடையோடு வந்தாள். இறக்கும் இடத்தில் துப்பாக்கி கிடந்தது. நின்றாள். கூடையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக் கண்ணுக்குள் வழிந்தது. துடைக்கக் கையில்லை.

"எறக்கணும்" என்றாள்.

"அந்தாண்ட சுத்திக்கினு போ. ஏம்மா, அந்த சும்மாட்டைக் குடுத்துட்டுப் போ." தலைச்சுமைக்கு அடியில் வைக்கிற துணிச்சுருளைத்தான் முதலாளி கேட்டார்.

"மொதலாளி, இது எங்க பொண்ணு கல்லு."

"இருக்கட்டும். சுட்டா தேஞ்சிடப்போவுதா? உன் பொண்ணு சும்மாதானே நிக்கறா."

பின்னால் வந்த பெண்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் கூடையை இறக்கவில்லை. அக்கா முதலாளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு மேஸ்திரி. எங்க பொண்ணு மேல வெச்சு சுடட்டுமா?"

அந்த இடத்தில் நான் நல்லவனாகிவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் போட்ட கணக்கு வேறு. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் கல்லைத் தாண்டி வீட்டுக்குத் தனியாகப் போகிறவன் நான். ரைஃபிள் ஒரு காதைத்தான் கேட்கிறது. பிள்ளைத்தாய்ச்சிப் பேய்க்குக் கோபம் வந்தால் முழு ஆளையும் கேட்கும். இந்தக் கணக்கை முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மொதலாளி, கல்லு ஒசரம் பத்தாது. குனிஞ்சு சுட்டா உங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கும். என் தோளே இருக்கட்டும்."

சொன்ன மறுநொடியே அந்த வார்த்தையை ஓடிப்போய்ப் பிடித்து விழுங்கிவிடப் பார்த்தேன். அது அதற்குள் முதலாளி காதுக்குப் போய்விட்டது. அவர் காதுக்கு என்ன, நன்றாகத்தானே இருந்தது.

"பாரு மச்சான்! ஸ்டாண்டே வாயைத் தொறந்து கெஞ்சுது!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரைஃபிளை எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா கல்லின்மேல் கூடையை இறக்கினாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு சும்மாட்டை உருவி என் தோள்மேல் எறிந்தாள்.

"உன் எலும்பு ஒடஞ்சா பழியை எங்க தலையில கட்டிடுவானுங்க. வெச்சுக்க. திருப்பித் தரணும். அது என் தலைக்குப் பழகின துணி."

நன்றி என்கிற மாதிரி ஏதாவது அவள் முகத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். உப்பு மட்டும்தான் இருந்தது.

மத்தியானம் முழுக்க நின்றேன். சுடுவார்கள், மூடியைப் பார்ப்பார்கள், மிலிட்டரி முனையிலுள்ள முள்ளைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார், மறுபடி சுடுவார்கள். இடது கையைச் சுற்றிக் கொண்டுவந்து வலது காதைப் பொத்தப் பார்த்தேன். "கையைத் தூக்கினா தோள் ஏறுது. எறக்கு" என்றார் மிலிட்டரி. இறக்கினேன். மனைவி திணித்த பஞ்சு இரண்டாவது வெடியிலேயே வெளியே விழுந்துவிட்டது. அதற்கு என்னைவிடப் புத்தி அதிகம். முதலில் காதில் வண்டு சுற்றியது, பிறகு வண்டுக் கூட்டம், பிறகு ரைஸ்மில். அப்புறம் ஒரு வெடியில் எல்லாம் அடங்கிப்போயிற்று. ஆகா, வலது பக்கம் எவ்வளவு அமைதி என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மாலையில் மிலிட்டரி என் வலது காதருகே விரலைச் சொடுக்கினார். சொடுக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"போச்சு" என்றார்.

"இன்னொண்ணு இருக்குதில்ல?" என்றார் முதலாளி.

இனி எனக்கு வேலை முடிந்தது என்று நினைத்தேன். மிலிட்டரி அதற்கும் ஒரு ஞாயம் வைத்திருந்தார். முள்ளைத் தட்டித் தட்டி வைத்ததெல்லாம் இந்தத் தோளின் உயரத்துக்குத்தானாம். ஆகவே துப்பாக்கி போகுமிடத்துக்கு ஸ்டாண்டும் போகவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மல்லாட்டைக் கொல்லை நடுவில், தோளில் சும்மாடு, சும்மாட்டில் ரைஃபிள் என்று நின்றேன். வேலி ஓரத்தில் முதலாளியின் புது மோட்டார் சைக்கிள் நின்றது.

பன்றி வலது பக்கத்திலிருந்து வந்தது. உறுமிக்கொண்டே வந்ததாம், கிளை முறிகிற சத்தம்கூட நன்றாகக் கேட்டதாம். பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்கவேண்டிய காதுதான் உப்பு அம்பாரத்தின் முன்னாலேயே தங்கிவிட்டதே. தற்செயலாகத் திரும்பினேன். கையெட்டும் தூரத்தில் ஒரு மூஞ்சி, மண் ஒட்டிய கொம்புப்பல், என்னைவிட அமைதியான இரண்டு கண்.

வாரமெல்லாம் விறைத்து விறைத்துப் பழகிய உடம்பு, அன்று அதையெல்லாம் மறந்தது. ஓடினேன். முதலாளியின் விரல் விசையில் இருந்த நேரம், அவருக்கு முன்னால் இருந்த ஸ்டாண்டு இல்லை. குழாய் வேலிப் பக்கம் சாய்ந்தது. வெடித்தது. மோட்டார் சைக்கிளின் டாங்கியில், பொட்டு வைத்தது போல நட்டநடுவில் ஓட்டை. பெட்ரோல் ஊற்றுக்கண் மாதிரி கொட்டியது. பன்றி ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு மல்லாட்டையைத் தொடர்ந்தது.

"டேய், ஸ்டாண்டு ஓடுதுடா! புடிங்கடா!" என்று முதலாளி கத்தியது மட்டும் இடது காதில் கேட்டது. பிடித்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் வாங்கியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, முதுகுக்குத்தான் அது ஞாபகம். வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் அப்புறம் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

திங்கட்கிழமை வரப்பில் குடையோடு நின்றேன். யாரோ குடையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் அக்கா, வலது பக்கத்தில்.

"எத்தினி வாட்டி கேக்கறது? என் சும்மாடு எங்க?"

தோளைத் தொட்டுப் பார்த்தேன், அங்கேயே இருக்கிற மாதிரி. "கொல்லையில விழுந்துடுச்சு போல."

"போய் எடுத்துக்கினு வா."

"பன்னி இருக்குதுக்கா."

"இருந்தா அதுங்கிட்ட கேட்டு வாங்கிக்கினு வா. ஒரு காதுதானே போச்சு, காலு ரெண்டும் நல்லாத்தான் ஓடுதுன்னு ஊரே சொல்லுது."

பெண்கள் கூடைகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். வேலை நேரத்தில் கூடையை இறக்கியதற்கு நான் திட்டவேண்டும். குடையை மடக்கி அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கொல்லைக்குள் பழைய மாதிரி நேராக நடக்க முடியவில்லை. வலது பக்கத்திலிருந்து பன்றி வந்தால் தெரியாது. அதனால் நாலடி நடப்பது, நின்று ஒரு சுற்றுச் சுற்றி நல்ல காதைப் புதர்ப் பக்கம் காட்டுவது, மறுபடி நாலடி நடப்பது. கோயில் பிரகாரத்தில் ஆத்மப் பிரதட்சிணம் செய்கிறவன் மாதிரி சுற்றிச் சுற்றிப் போனேன். வேடிக்கை பார்க்க வேலி வரை பின்னால் வந்த பெண்கள் சிரிக்கிற சத்தம், நான் சுற்றும்போது ஒரு பக்கம் கேட்டது, மறுபக்கம் நின்றது. மறுபடி கேட்டது.